கிரேன்காரனை யார் பார்த்துக்கொண்டது?

டாக்டர், நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

துபாயில் ஒரு ஹோட்டல் அரங்கில், இன்சூரன்ஸ்காரர்களும் மருத்துவத் துறையினரும் கூடிய கூட்டத்தில், ஒரு டவர் கிரேன் ஆபரேட்டரின் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினீர்கள். மனச்சோர்வு நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரி தேவையில்லாமல் படுக்கையில் வைத்திருந்ததாம். உங்கள் கம்பெனி தலையிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியதாம். அவர் வீட்டுச் சூழலிலேயே குணமடைந்தாராம். என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் அந்த வீடியோவை அனுப்பி, "சிஸ்டர், இது நம்ம பேஷண்ட்தானே?" என்று கேட்டிருந்தாள்.

நம்ம பேஷண்ட்தான். நீங்கள் வீடு என்று சொன்னது தொழிலாளர் கேம்ப் ரூம். இரண்டடுக்குக் கட்டில்கள், நடுவில் ஒரு குக்கர், கயிற்றில் காயும் வேலை உடுப்புகள். அதை வீடு ஆக்கியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் ரிட்டையர் ஆகி திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன். இனி யாரும் என் விசாவை கேன்சல் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன். அந்தக் கிரேன்காரனிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா, பேரு மட்டும் வேணாம்" என்றான். வேலுச்சாமி என்று வைத்துக்கொள்வோம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தேன். சென்னையில் சில வருடம் மனநலப் பிரிவு. பிறகு குவைத்தில் ஃபஹாஹீல். பிறகு துபாய், அல் குசைஸ். ஃபஹாஹீலில் டாக்டர் "இருக்கட்டும்" என்றால் பேஷண்ட் இருப்பார். குசைஸுக்கு வந்தபோது டாக்டருக்கு மேலே ஒரு போன் இருந்தது. அந்தப் போனின் மறுமுனையில் நீங்கள் இருந்தீர்கள்.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பேஷண்டைச் சேர்த்த உடனே ரிப்போர்ட்டை இன்சூரன்ஸின் அனுமதி கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சில நாள் கொடுப்பார்கள். அது முடிவதற்குள் மறுபடி அனுப்ப வேண்டும். "இன்னும் ஏன் படுக்கை?" என்று கேட்பார்கள். கால் உடைந்தவனுக்கு எக்ஸ்ரே இருக்கிறது, காட்டலாம். எங்கள் பேஷண்டுக்கு எதைக் காட்டுவது? ஒவ்வொரு ஷிப்டிலும் நர்ஸ் எழுதும் குறிப்புதான் எங்கள் எக்ஸ்ரே.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டாக்டர் இத்ரீஸ். சூடான்காரர். வாசலில் தலை இடிக்காமல் நுழையத் தெரியாத உயரம். கோட் பையில் எப்போதும் வேர்க்கடலை. ரவுண்ட்ஸில் பேஷண்டுக்கும் கொடுப்பார், நர்சுக்கும் கொடுப்பார், தோலை யார் கூட்டுவது என்று மட்டும் யோசிக்க மாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு குறிப்பில் "பேஷண்ட் கம்ஃபர்ட்டபிள்" என்று எழுதிவிட்டேன். இங்கிலீஷும் இந்தியும் கலந்து பிடித்துக்கொண்டார்.

"யா ஜெசிந்தா, கம்ஃபர்ட்டபிள் என்றால் என்ன? அவர் பேஷண்டா, சோபாவா?"

"இல்ல டாக்டர், அமைதியா படுத்திருந்தார்."

"செத்தவரும் அமைதியாகத்தான் படுத்திருப்பார். நீ என்ன பார்த்தாய்? அதை எழுது. சாப்பிட்டாரா, யாராவது ஊட்டினார்களா? முகம் கழுவ எழுந்தாரா, நீ இழுத்துக்கொண்டு போனாயா?"

அன்றிலிருந்து என் குறிப்பில் கம்ஃபர்ட்டபிள் கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அனுமதி கம்பெனி டாக்டரோடு பேச வேண்டுமென்றால் முதலில் கோட்டை மாட்டி, டையை இறுக்கி, தலையைச் சீவிக்கொள்வார். "போன்ல கோட்டு தெரியாதே டாக்டர்" என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். "எனக்குத் தெரியுமே" என்றார். போனில் அவ்வளவு மரியாதை. "மை டியர் காலீக்" இல்லாமல் ஒரு வாக்கியம் தொடங்க மாட்டார். போனை வைத்த பிறகு, நான் சொல்லிக்கொடுத்த திருநெல்வேலி வசவுகளை எல்லாம் பிரிண்டரைப் பார்த்துத் திட்டித் தீர்ப்பார். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். பிரிண்டர் பாவம்.

ஆனால் பொய் எழுத மாட்டார். வேறு இடங்களில் அனுமதிக்காக நோயைக் கூட்டி எழுதுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தேவையே இல்லாமல் படுக்க வைக்கும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. அதைத் தடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. டாக்டர் இத்ரீஸ் அந்த வழிக்கே போகவில்லை. அதனால் பல தடவை தோற்றார். புஜைராவில் எண்ணெய் டாங்க் வேலை பார்த்த ஒரு வெல்டர் வருவான். குடியால் கை நடுங்கும், வயிறு வெந்திருக்கும். வயிற்றுக்கு அனுமதி கிடைக்கும், குடிக்குக் கிடைக்காது. பாலிசியில் குடிநோய் கிடையாது. வயிறு ஆறியதும் அனுப்பிவிட வேண்டும். போகும்போது, "சிஸ்டர், வயிறு சரியாயிருச்சு, நான் இன்னும் சரியாகல" என்பான். அடுத்த முறை மறுபடி வயிற்றோடு வருவான். ஒருநாள் வரவில்லை. கம்பெனி ஊருக்கு அனுப்பிவிட்டது என்றார்கள்.

இனி வேலுச்சாமி.

கமுதிப் பக்கத்து ஆள். டவர் கிரேன் ஓட்டுகிறவர்கள் காலையில் மேலே ஏறினால் வேலை முடியும் வரை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக இருப்பார்கள். கீழே இருந்து வயர்லெஸ்ஸில் வரும் குரல்தான் துணை. ஒருநாள் ஷிப்ட் முடிந்தும் வேலுச்சாமி இறங்கவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. சேஃப்டி ஆட்கள் ஏறிப்போய்ப் பார்த்தால், லீவரில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, துடைக்கக்கூட இல்லை. இடுப்பில் பெல்ட் கட்டி இறக்கினார்கள்.

எங்களிடம் வந்தபோது பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. டாக்டர் இத்ரீஸ் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார். கேள்வி கேட்க மாட்டார். உரித்த கடலையை நடுவில் வைப்பார். ஒருநாள் வேலுச்சாமி ஒரு கடலையை எடுத்தான். நான் அதை எழுதினேன். அடுத்து என்னிடம் ஒரு வார்த்தை பேசினான்: "மேல போனா இறங்கணும்னே தோண மாட்டேங்குதுக்கா. இறங்குறதுக்கு வேற வழி இருக்கேன்னு தோணுது." நான் அதையும் எழுதினேன். அது உங்களுக்கு வந்தது, டாக்டர்.

அதன் பிறகுதான் நீங்கள் நேராகப் பேஷண்டுக்கே போன் செய்தீர்கள்.

நான் சாப்பாட்டு ட்ரேயோடு போகும்போது பார்த்தேன். வேலுச்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். நாங்கள் தூக்கி உட்கார வைத்தால்தான் உட்காருகிற ஆள், தானாக எழுந்து நிற்கிறான்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். "எஸ் சார். குட் சார். ஸ்லீப்பிங் குட் சார். நோ ப்ராப்ளம் சார். ட்யூட்டி ரெடி சார்."

"யாரு தம்பி போன்ல?"

"ஆபீஸ்ல இருந்துக்கா. ஒடம்பு எப்பிடின்னு கேட்டாக."

"என்ன சொன்ன?"

"நல்லாத்தேன் இருக்கேன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? சரியில்லன்னு சொன்னா கேன்சல் பண்ணி அனுப்பிருவாகள்ல."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ட்ரேயைத் தொடவில்லை.

வளைகுடாவில் வேலை பார்த்த எவனையும் கேளுங்கள். தெரியாத நம்பரில் இங்கிலீஷ் குரல் வந்தால் அது ஆபீஸ். ஆபீஸ் என்றால் எழுந்து நிற்க வேண்டும். காய்ச்சல் கொதித்தாலும், கையில் கட்டு இருந்தாலும், நோ ப்ராப்ளம் சார். ஊரில் பெண்டாட்டி கேட்டாலும் அதே பதில்தான், சார் மட்டும் இருக்காது. அது பதிலே இல்லை, டாக்டர். சலாம். நீங்கள் அந்தச் சலாமை வாங்கி மருத்துவக் குறிப்பில் எழுதிக்கொண்டீர்கள்.

அன்று மாலையே அனுமதி நின்றது. பேஷண்ட் தாமே நலமாக இருப்பதாகவும் வேலைக்குத் தயார் என்றும் சொல்லிவிட்டார், எனவே படுக்கை தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

டாக்டர் இத்ரீஸ் கோட்டை மாட்டினார். போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அதனால் நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

"மை டியர் காலீக், அவர் எந்த மொழியில் நலம் என்றார்?"

"இங்கிலீஷில். தெளிவாகச் சொன்னார்."

"அவருக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதான். நலமில்லை என்று சொல்ல அவரிடம் இங்கிலீஷ் கிடையாது. அவருடைய சொந்த மொழியிலேயே இப்போதுதான் ஒரு வார்த்தை வந்திருக்கிறது. என் நர்ஸ் எழுதியிருக்கிறார், படித்தீர்களா?"

"படித்தேன். ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று காட்ட எதுவும் இல்லை. வெளிநோயாளியாகப் பாருங்கள்."

"நல்லது. அப்படியானால் அவர் கிரேன் ஏறலாம் என்று எழுதிக் கொடுங்கள்."

"ஃபிட்னஸ் சர்டிபிகேட் எங்கள் வேலை இல்லை, டாக்டர்."

"படுக்கையில் இருந்து இறக்குவது மட்டும் உங்கள் வேலையா?"

நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். பிரிண்டருக்கு அன்று நல்ல அர்ச்சனை.

நிர்வாகம் டிஸ்சார்ஜ் செய்யச் சொன்னது. டாக்டர் இத்ரீஸ், உயரத்தில் எந்த வேலையும் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலுச்சாமியின் கம்பெனி எச்.ஆர். ஆள் என்னிடம் வந்து, "இன்சூரன்ஸ் நல்லா இருக்கார்ங்குது, உங்க டாக்டர் இல்லைங்குறார். நான் யார் பேச்சைக் கேக்குறது சிஸ்டர்?" என்றார். நல்ல மனுஷன்தான். பயந்த மனுஷன். கடைசியில் ஸ்டோரில் வேலை போட்டுக் கொடுத்தார்.

அழைத்துப்போக ரூம் ஆள் ஒருவன் வந்தான். மாரிமுத்து, கம்பி கட்டுகிறவன், அரியலூர்க்காரன். வேலுச்சாமிக்கு மேல்கட்டில்.

"மாத்திரய நாங்க பாத்துக்குறோம் சிஸ்டர். எங்க ரூம்ல பாதிப் பேரு பகல் ட்யூட்டி, பாதிப் பேரு நைட்டு. எப்பவும் ஒருத்தன் இருப்பான். லைட்டுக்காக அடிச்சிக்கிட்டுக் கெடப்போம், இப்பதான் அதுக்கு ஒரு ஒபயோகம் வந்திருக்கு."

"பாத்துக்கோங்க. ஆனா 'நல்லா இருக்கியா'ன்னு மட்டும் கேக்கக் கூடாது."

"அப்ப என்னத்ததான் கேக்குறது?"

"வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க. உரிச்சானா இல்லையான்னு எனக்குச் சொல்லுங்க."

சிரித்தான். ஆனால் செய்தான். தினமும் அவனிடமிருந்து குரல் செய்தி வரும். "சிஸ்டர், இன்னிக்கி அரை வெங்காயம். அதுவும் கோணலா." "சிஸ்டர், இன்னிக்கி தொடவே இல்ல." "சிஸ்டர், முழுசா உரிச்சிட்டாரு, ஆனா தோல என் கட்டில்ல போட்டுட்டாரு, திட்டலாமா?" திட்டு என்றேன். மற்றவர்களைத் திட்டுவது போலவே திட்டு. டாக்டர் இத்ரீஸ் டியூட்டிக்கு வந்ததும் குட்மார்னிங் சொல்வதற்கு முன், "யா ஜெசிந்தா, வெங்காயம் என்ன ஆச்சு?" என்பார்.

மாத்திரை மொத்தமும் அவன் கையில் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேம்ப் கேட்டுக்கு எதிரில் கமால் பாயின் மளிகைக் கடை. கீழக்கரைக்காரர், கடையை விட்டு நகராத மனுஷன். மாத்திரை அவருடைய மேஜை டிராயருக்குப் போனது. வேலுச்சாமி வந்து நின்றால் ஒரு டீயும் அன்றைய மாத்திரையும் கொடுப்பார். முழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு போன் ரீசார்ஜ்.

டாக்டர் இத்ரீஸ் ஒரு லீவு நாளில் தன் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு கேம்புக்கே வந்தார். ரூமுக்குள் நுழையும்போது வாசலில் தலையை இடித்தார், உட்காரும்போது மேல்கட்டிலில் இடித்தார். வேலுச்சாமி லேசாகச் சிரித்தான். எங்களிடம் வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒருவருக்குப் பார்த்ததும் ரூமே வரிசையில் நின்றது. ஒருவனுக்கு முதுகு, ஒருவனுக்குப் பிரஷர், ஒருவனுக்கு ஊரில் இருக்கும் மாமனாருக்கு மூட்டுவலி. எல்லோருக்கும் சொன்னார். கடைசியில் மாரிமுத்து பெரிய தட்டில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தான். டாக்டர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, காரத்தில் கண்ணில் தண்ணீர் வழிய, "யா மாரி, இதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்" என்றார்.

இவ்வளவும் உங்கள் கணக்கில் 'வீட்டுச் சூழல்'.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மதியத் தொழுகை முடிந்து கமால் பாய் கடையில் நல்ல கூட்டம். டீ ஊற்றி வைத்தாயிற்று, வேலுச்சாமி வரவில்லை. ரூமில் இருந்தவன் குளிக்கப் போன நேரம் அது. கமால் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ரூமில் இல்லை. மாடிக் கதவு திறந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், வேலுச்சாமி நின்றுகொண்டிருந்தான்.

கமால் பாய் கத்தவில்லை. பக்கத்திலும் போகவில்லை. மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தாராம்.

"யோவ், டீ ஆறிப் போச்சு. கடையத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன். எவனாச்சும் கல்லாவத் தூக்கிட்டுப் போனா உங்க வாப்பாவா தருவாரு?"

முட்டியைத் தேய்த்துக்கொண்டாராம்.

"எனக்கு முட்டு வலிக்குது வேலு. ஏறிட்டேன், தனியா எறங்க முடியாது. வந்து கையப் புடி."

வேலுச்சாமி திரும்பி வந்து கையைப் பிடித்தான். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்கள். கமால் பாய் கடைக்கு வந்து எனக்குப் போன் செய்தார். "சிஸ்டர்... சிஸ்டர்..." என்றுதான் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னேன். டாக்டர் இத்ரீஸ் கோட்டைக்கூட மாட்டாமல் உங்களுக்குப் போன் செய்தார். சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். மாடியில் நடந்ததை அப்படியே சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? காயம் எதுவும் இல்லை. முயற்சி நடந்ததாகச் சொல்ல முடியாது. பேஷண்ட் தாமாகவே இறங்கி வந்திருக்கிறார். அதோடு, அவரைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது, எனவே படுக்கை தேவையில்லை.

எங்கள் மாரிமுத்துவையும் கமால் பாயையும் காரணம் காட்டி அவனுக்குப் படுக்கை இல்லை என்றீர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டதுதான் அவன் செய்த தப்பு.

டாக்டர் இத்ரீஸ் அன்று யாரையும் திட்டவில்லை. போனை வைத்துவிட்டு நேராக எமர்ஜென்சிக்குப் போனார். அங்கே எத்தனை நேரம் வைத்திருக்க முடியுமோ அத்தனை நேரம் அவனை வைத்திருந்தார், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இனி ஊரில்தான் வைத்தியம் என்று முடிவானது. மாரிமுத்து தன் லீவை முன்னால் இழுத்துக்கொண்டு வேலுச்சாமியோடு விமானம் ஏறினான். மதுரையில் நல்ல டாக்டர், கூடவே பெண்டாட்டி, அனுமதி கேட்க யாரும் இல்லை. மெல்ல மெல்லத் தேறினான். இப்போது ஊரில் பொக்லைன் ஓட்டுகிறான். "தரையில ஓடுற வண்டிக்கா, பயப்படாதீக" என்றான். "சில நாளு மனசு கனமாத்தேன் இருக்கு" என்றும் சொன்னான். போனில் அவன் அப்படிச் சொல்ல வருடங்கள் ஆகியிருக்கின்றன. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவும் தெரிந்துதான் உங்கள் வீடியோவைப் பார்த்தேன். முழுவதும் பார்த்தேன். கடைசியில் திரையில் ஒரு வரி போட்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தீர்கள்: இந்த நோயாளி மறுபடியும் அட்மிட் ஆகவே இல்லை. அதற்குத்தான் பெரிய கைதட்டு.

ஆகவில்லைதான். நாங்கள் கேட்டோம், நீங்கள் மறுத்தீர்கள். மறுத்த உங்கள் வாயே அதைச் சாதனை என்று படித்தது. அங்கே உட்கார்ந்திருந்த இளம் டாக்டர்களும் நர்சுகளும் அதைக் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள். நாளைக்கு இன்னொரு கிரேன்காரனுக்கும் அதே போன் போகும். அவனும் எழுந்து நின்று குட் சார் என்பான்.

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில், அதே போல் கேமரா முன்னால், மைக்கைப் பிடித்து இரண்டுக்குப் பதில் சொல்லுங்கள். அந்த மனிதருக்கு மறுபடி படுக்கை கேட்டு உங்களுக்குப் போன் வந்ததா, இல்லையா? அந்த வெள்ளிக்கிழமை ஒரு மளிகைக் கடைக்காரர் கடையை விட்டு ஓடாமல் இருந்திருந்தால், மாடி ஏற உங்கள் கம்பெனி யாரை வைத்திருந்தது? பெயரைச் சொல்லுங்கள், டாக்டர். எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள்.